எங்கள் வீட்டில் கோலி இல்லை

1

துப்பாக்கி உரிமம் கேட்டு ஒருவன் மனுச் செய்தால், அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க வட்டாரக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார். சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். மனுச் செய்தவன் என் மகன் குமார். அன்று காலை அவன் வெளியே போயிருந்தான். மருமகள் மீனா முலுண்டிலுள்ள தன் வங்கிக்கும், பேத்தி உமா கல்லூரிக்கும் போய்விட்டார்கள். செம்பூர்த் திலக் நகரில் எங்கள் வீடு நான்காம் மாடி. பூசை முடித்து, பதிகம் பாடி, நெற்றியில் நீறு உலர்வதற்குள் கதவைத் திறந்தவன் நான்தான்.

வந்தவர் இளைஞர், மராட்டியர். சுவாமி மாடத்தைக் கண்டதும் வாசலிலேயே காலணியைக் கழற்றினார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. என்னை 'ஆஜோபா' என்றார், மராட்டியில் தாத்தா. பிறகு இந்தியில் கேள்விகளைத் தொடங்கினார். மகன் குடிப்பானா, அண்டை வீட்டாருடன் சண்டை உண்டா, வழக்கு ஏதும் உண்டா. எல்லாவற்றுக்கும் "நஹி சாப்" என்பது விடையாக இருந்ததால் என் இந்தி அதுவரை தடுமாறவில்லை. அரை நூற்றாண்டை இந்நகரில் கழித்தும் எனக்கு வாய்த்த இந்தி, ரயில் பெட்டியில் இடம் கேட்கவும் காய்கறிக்காரரிடம் விலை குறைக்கவும் மட்டுமே போதுமானது.

கடைசியாக ஒன்று கேட்டார். "கர் மே கோயி கோலி லேதா ஹை க்யா, ஆஜோபா?"

வீட்டில் யாராவது 'கோலி' எடுக்கிறார்களா என்பது கேள்வி. இந்தியில் கோலி என்றால் துப்பாக்கிக் குண்டு. மகனோடு ஒருமுறை ரைஃபிள் கிளப்புக்குப் போனபோது அந்தச் சொல்லைக் காது நிறையக் கேட்டிருந்தேன். ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்:

"கோலி? நஹி சாப். ஹமாரே கர் மே கோலி நஹி. அபி தக் பந்தூக் ஹி நஹி ஆயா, கோலி கைசே ஆயேகா?"

துப்பாக்கியே இன்னும் வரவில்லையே, குண்டு எப்படி வரும் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சரிதான் என்னும் பொருளில் "பராபர் ஹை, ஆஜோபா" என்று சொல்லி எழுதிக்கொண்டார். காபி குடித்தார். போகும்போது மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

இந்தியில் ஒரு வேடிக்கை பேசி, அதற்கு ஒரு காவலரைச் சிரிக்கவும் வைத்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு அன்று பகல் முழுதும் இருந்தேன். அந்தப் பெருமிதத்துக்கு ஆயுள் குறைவு.

2

இந்தக் குடும்பத்துக்குத் துப்பாக்கி எதற்கு என்று ஊரில் இதைப் படிப்பவர்கள் கேட்பீர்கள். நானும் அதையே கேட்டேன்.

எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். குடியிருப்போரில் பாதிப்பேர் வேறிடம் போய்விட்டார்கள். படிக்கட்டு விளக்குகள் எரிவதில்லை. இரண்டாம் மாடியில் தனியாக இருந்த முதிய தம்பதியைப் பட்டப்பகலில் யாரோ நாற்காலியில் கட்டிப்போட்டு, இருந்ததை வாரிக்கொண்டு போனார்கள். அந்த அம்மையார் அதன்பின் தம் வீட்டு அழைப்புமணி ஒலித்தால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறார்.

நான் இந்நகருக்கு வந்த புதிதில் மாதுங்காவில் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். பூட்டு என்று ஒன்று எங்களிடம் கிடையாது. எங்களிடம் திருட ஒன்றுமில்லை என்பது எங்களைவிடத் திருடருக்கு நன்றாகத் தெரியும். இப்போது அப்படியில்லை. குளிர்பதனப் பெட்டி இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது, வயதுவந்த பெண்பிள்ளை இருக்கிறாள்.

குமார் சான்பாடாவில் ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தான். சென்ற ஆண்டு அவனுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். இப்போது வேறொரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை. நாள் முழுதும் சுவரைப் பார்த்த மேசை. பழைய அலுவலக நண்பர் ஒருவர் அவனை ஞாயிறுதோறும் ரைஃபிள் கிளப்புக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். அங்கே போய்வந்த நாட்களில் அவன் சற்றுப் பேசினான். அதனால் நானும் தடை சொல்லவில்லை.

ஒரு நாள் சொன்னான்: "அப்பா, ஒரு பாவாஜி தன்னோட ரைஃபிளை விக்கறார். சின்னது. லீவர் ஆக்‌ஷன். ஷூட்டிங்குக்கும் ஆச்சு, ஹோம் டிஃபென்ஸுக்கும் ஆச்சு. நீங்களே வந்து பாருங்க."

"எனக்கு எதுக்குல அது? நான் யாரைச் சுடப் போறேன்?" என்றேன்.

உமா கைப்பேசியிலிருந்து தலையெடுக்காமலே சொன்னாள்: "எதிர் பில்டிங் அங்கிள் பஜன்ல சுருதி இல்லாம பாடறார்னு டெய்லி சொல்றீங்கள்ல தாத்தா. அவர்லேர்ந்து ஆரம்பிங்க."

அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வாய் மட்டும் என் தாயார் வழி.

ஹோம் டிஃபென்ஸுக்குத் தமிழில் என்ன என்று குமார் கேட்டான். காப்பு என்றேன். பழம்புலவர்கள் நூலைத் தொடங்குமுன் முதற்பாட்டாக வைப்பது காப்பு. திருவிழாவுக்குக் கையில் கட்டுவது காப்பு. குழந்தையின் கையில் இடுவதும் காப்பு. மூன்றிலும் ஆயுதம் இல்லை என்பதையும் சொல்லிவைத்தேன். "ஆனா சாமி கையில எல்லாம் வெப்பன் இருக்கேப்பா" என்றான் அவன். நியாயமான மறுப்பு. மழுவும் சூலமும் வில்லும் இல்லாத பதிகம் ஏது? இருந்தாலும் ஒன்றை நான் நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறேன். எத்தனை கைகளில் படை ஏந்தினாலும், அஞ்சேல் என்று அடியவனுக்குக் காட்டும் கை எப்போதும் வெறுங்கைதான். அதையும் சொன்னேன். அவன் புன்னகைத்து, "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் போலாம்" என்றான்.

3

பாவாஜி என்று அங்கே எல்லோரும் அழைத்தவர் பார்சி முதியவர். என்னைவிடச் சில ஆண்டுகள் மூத்தவராக இருக்கலாம். டஹாணுப் பக்கத்தில் இருந்த சப்போட்டாத் தோட்டத்தில் பழந்தின்னி வௌவால்களை விரட்ட அவருடைய தந்தையார் வாங்கிய துப்பாக்கியாம் அது. தோட்டம் போய்விட்டது, தந்தையும் போய்விட்டார், கண்பார்வையும் போய்க்கொண்டிருக்கிறது, துப்பாக்கி மட்டும் நன்றாக இருக்கிறது என்றார். குமாரைப் பார்த்து, "தேக் டிக்ரா", பார் மகனே, என்று உறையைத் திறந்தார்.

ஒரு பொருளை மதிப்பிடும்போது அதன் நன்மையை முதலில் சொல்வது முறை. என் மழைக்காலக் குடையைவிடச் சற்றே நீளம். எடை இரண்டரைக் கிலோ இருக்கலாம். வாதுமை மரத்தின் நிறமும் எண்ணெயின் மணமும் கண்ணையும் மூக்கையும் இழுத்தன. விசைக்குக் கீழே விரல்கள் நுழையும்படி ஒரு வளையம், அதுதான் லீவர். வளையத்தைக் கீழே தள்ளினால் வெடித்து முடிந்த வெற்றுக்கூடு வெளியே துள்ளும்; மேலே இழுத்து மூடினால் அடுத்த குண்டு உள்ளே ஏறும், சுத்தியலும் பின்னிழுபட்டு நிற்கும். எல்லாம் ஒரே கையசைவு. குழலின் அடியில் மெல்லிய இன்னொரு குழல். குண்டுகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். குழல்வாயின் அளவை 'இருபத்திரண்டு போர்' என்கிறார்கள், சிறிய குண்டு. தோளில் உதைப்பதில்லை. ஓசையும், தீபாவளி வெடியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பொருட்டில்லை.

குமார் சுட்டான். காகித இலக்கில் அவன் இட்ட துளைகள் எல்லாவற்றையும் ஓர் எலுமிச்சம்பழத்தால் மூடிவிடலாம். என்னையும் உட்காரவைத்து, பாவாஜி அருகில் நிற்க, ஒரு முறை சுடச்செய்தார்கள். என் குண்டு இலக்குக்குப் பக்கத்து மண்மேட்டில் போய்ப் புதைந்தது. ஆனாலும் மகிழ்ந்தேன். லீவரை மூடும்போது எழும் அந்த ஓசை, பாட்டில் தாளம் சரியாக விழுவதைப் போன்றது, மறைப்பானேன்.

இனிக் குறைகள். தடுப்பு என்று தனியே ஒன்று இதில் இல்லை. சுத்தியலைப் பாதியில் நிறுத்துவதுதான் தடுப்பு. நிறுத்த வேண்டுமானால் கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டே விசையை இழுக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். குழலைக் காலி செய்துவிட்டோம் என்று எண்ணும்போதும் உள்ளே ஒரு குண்டு தங்கியிருக்கக்கூடும். இந்தச் சிறு குண்டுகளில் சில வெடிக்காமலும் போகும். அன்று குமாருக்கு அப்படி ஒன்று நேர்ந்தது. சுத்தியல் விழுந்த ஓசை மட்டும் கேட்டது. அப்படியானால் குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு சற்று நேரம் அசையாமல் இருக்க வேண்டுமாம், தாமதித்து வெடிக்கலாம். நான் இரண்டடி பின்வாங்கினேன். குமார் அசையவில்லை. அவன் முகத்தில் அச்சம் இல்லை. நெடுநாளாக நான் பார்த்திராத ஓர் ஓய்வு இருந்தது. மனம் ஒருமைப்பட்டு நிற்கிறான் என்று எண்ணி உள்ளுக்குள் வாழ்த்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் குடையையே துப்பாக்கியாக வைத்து ஒத்திகை பார்த்தோம். நான் கள்ளன், அவன் காவலன். சமையலறை வாசலில் திரும்பும்போது குடை செருப்பு அலமாரியில் முட்டியது. கூடத்தில் திரும்பினால் குளிர்பதனப் பெட்டி. "சொசைட்டி வாட்ச்மேன் வேலைக்குக் கூட எடுக்க மாட்டாங்க பப்பா" என்றாள் உமா. சிரித்தோம். பிறகு கூடத்தின் ஓரத்தில் கள்ளனாக நான் நின்றபோது, குடையின் முனை என்னைக் குறிவைத்த அந்த நேர்கோடு எனக்குப் பின்னால் எங்கே போகிறது என்று திரும்பிப் பார்த்தேன். பிளைவுட் தடுப்பு. அதற்கு அப்புறம் உமாவின் கட்டில்.

"இந்தக் குண்டு சின்னதுப்பா, பவர் கம்மி" என்றான் குமார். அதுவே எனக்குக் குறையாகப் பட்டது. ஓடிவருபவனை நிறுத்த அது போதாது. ஒருவரைக் கொல்லப் போதும். மேலும் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் குண்டுகளை வேறிடத்திலும் வைக்க வேண்டுமாம். கள்ளன் வந்த பிறகு இரண்டு சாவிகளையும் என் கண்ணாடியையும் தேடி எடுப்பதற்குள் அவன் காபி போட்டுக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

ஆகவே என் மதிப்பீடு இது: விளையாட்டுக்கு மிக நல்ல கருவி; வீட்டுக்காப்புக்கு ஆகாது. குமாரிடம் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டான். மனுவை மட்டும் திரும்பப் பெறவில்லை.

4

காவலர் வந்துபோன அன்று இரவுச் சாப்பாட்டில் என் இந்தி வேடிக்கையை நடித்துக் காட்டினேன். உமாவுக்குப் புரையேறிவிட்டது. குமார் ஒரு கணம் தாமதித்துச் சிரித்தான். பிறகு வேண்டியதைவிடக் கூடுதலாகச் சிரித்தான். மீனா மட்டும் ரசக்கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

மறுநாள் காலை குமார் பால் வாங்கக் கீழே போயிருந்தபோது, பூசைப் பாத்திரங்களைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தேன். மீனா குழாயை மூடினாள்.

"மாமா, நேத்து அந்தக் கான்ஸ்டபிள் கேட்டது உங்களுக்குப் புரியல."

"புரியாம என்ன? குண்டு இருக்கான்னு கேட்டாரு."

"இல்ல மாமா. கோலின்னா மாத்திரை. வீட்டில யாராவது மாத்திரை எடுக்கறாங்களான்னு கேட்டிருக்கார். லைசன்ஸ்னா அதைக் கேப்பாங்க."

"நான் பிரஷருக்குச் சாப்பிடுதேனே, அதையா?"

"உங்களோடது இல்ல." கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மனசுக்கு எடுக்கற மாத்திரை. அவர் எடுக்கறார் மாமா. தீபாவளிக்கு முந்தியிலேருந்து."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இந்நகரத் தமிழர் எல்லோரும் மாத்திரையைக் 'கோலி' என்பார்கள். இந்தியில் குண்டுக்கும் மாத்திரைக்கும் அந்த ஒரே சொல். குமார் சிறுவனாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் கோலி கொடுத்தார்கள் என்று வந்து சொன்னான். கோலி என்பது தெருவில் ஆடுவது, உண்பது மாத்திரை என்று திருத்தினேன். எழுத்தின் ஒலிக்கும் அளவு அதுவே, நோய்க்கு உண்ணும் அளவும் அதுவே, இவ்வளவு அழகான சொல் இருக்கக் கோலி எதற்கு என்று அவனுக்குப் பாடமே நடத்தினேன். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்கவில்லை. எல்லோர் காதிலும் முதலில் மாத்திரையாக விழும் சொல், என் காதில் மட்டும் குண்டாக விழுந்தது அதனால்தான்.

"எதுக்கு மாத்திரை?" என்றேன்.

"தூக்கமே இல்ல மாமா. வேலை போன புதுசில ஒரு நாள் சொன்னார், ட்ரெயின் வர்றப்ப பின்னாடி தள்ளி நில்லுடான்னு தனக்குத் தானே சொல்லிக்க வேண்டியிருக்குன்னு. அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். இப்ப பரவாயில்லைங்கறாங்க. உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

"டாக்டர் சர்டிஃபிகேட்டு குடுக்கணுமே இதுக்கு?"

"வேற டாக்டர்கிட்ட வாங்கினார். கேட்டதுக்கெல்லாம் இல்லைன்னு சொல்லியிருக்கார்."

மகன் அறிந்து சொன்ன 'இல்லை'க்குத் தந்தை அறியாமல் சொன்ன 'இல்லை' சாட்சியாகிவிட்டது.

"நீ ஏம்மா வேண்டாம்னு சொல்லல?"

"சண்டே அங்க போயிட்டு வர்றப்ப மட்டும்தான் மாமா அவர் முகம் பழைய மாதிரி இருக்கு. அதை எப்படிப் புடுங்கறது நான்?"

அவள் அழவில்லை. வங்கிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நம் ஊரில், மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்தவர்களிடம் பன்றி விரட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவிலும் ஒருவர் வைத்திருந்தார். அமைதியானவர், கோயிலில் என் பாட்டைக் கேட்டுக் கற்கண்டு கொடுப்பார். ஒரு மார்கழியில் அவர் இறந்தார். துடைக்கும்போது வெடித்துவிட்டது என்றார்கள். எல்லோரும் அப்படியே சொன்னார்கள். நானும் இந்த வயதுவரை அப்படியே நம்பியிருந்தேன். அன்று காலை, கழுவாத பூசைப் பாத்திரங்களுக்கு முன்னால் நின்றபோதுதான், அவர் துப்பாக்கியைத் துடைத்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை என்பது உறைத்தது.

கிளப்பில் குமாரின் முகத்தில் கண்ட ஓய்வையும் நினைத்துப் பார்த்தேன். அதை வாழ்த்தியவன் நான்.

5

அன்று மாலை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே அவனோடு பேசினேன். அவன் முதலில் மீனாவின்மேல் கோபப்பட்டான்.

"சொல்லாதேன்னு சொன்னேன் அவகிட்ட."

"அவளை விடு. நான் அந்தக் காவல்காரர்ட்ட தப்பாச் சொல்லிட்டேன் குமாரு. போயித் திருத்தணும்."

"அப்பா, டென்ஷன் எடுக்காதீங்க. எழுதிட்டுப் போயிட்டான். இனி யாரு வந்து கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாக. நானாத்தான் போணும்."

"போயி? எம்பையன் பாகல்னு சொல்லப் போறீங்களா?"

"பைத்தியம்னு யாருல சொன்னா? காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுதவனைப் பைத்தியம்னா சொல்லுதோம்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. ஸ்டேஷன்ல எழுதிருவான். நாளைக்கு வேற வேலைக்கு வெரிஃபிகேஷன் வந்தா அது வெளிய வரும். உமாவுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப அது வரும். இந்த பில்டிங் முழுக்கத் தெரியும். நெனச்சுப் பாத்தீங்களா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஊரானாலும் நகரமானாலும் நம்மவர் வாய் அப்படித்தான். கீழே துறைமுகப் பாதையில் ஒரு ரயில் போய் முடியும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லு. அந்தத் துப்பாக்கி கள்ளனுக்கா, உனக்கா?"

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தொட்டியின் சுவரில் கையை வைத்துக்கொண்டான்.

"தெரியலப்பா" என்றான். "வாங்கணும்னு நெனச்சப்ப கள்ளனுக்குத்தான். சத்தியமா. இப்ப, வீட்டில அது இருக்கும்னு நெனச்சாலே நல்லா இருக்கு. ஏன் நல்லா இருக்குன்னு தெரியல."

நான் அவன் தோளில் கைவைத்தேன். விலகிக்கொண்டான்.

"ஆனா நீங்க ஸ்டேஷனுக்குப் போனா, அப்புறம் உங்ககிட்ட நான் பேச மாட்டேன்."

"சரிடே" என்றேன்.

6

மறுநாள் காலை பதிகம் நடுவிலேயே நின்றுவிட்டது. அடுத்த அடி நினைவுக்கு வராமல் இல்லை; தன்னைக் காக்குமாறு பாடுகிறவன், காக்கும் வேலை தன் கையில் வந்து நிற்கும்போது உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை. விளக்கை மலையேற்றிவிட்டு எழுந்தேன்.

காவல் நிலையம் நடந்துபோகும் தொலைவுதான். வழி நெடுகச் சொல்ல வேண்டியதை இந்தியில் கட்டிக்கொண்டே போனேன். வடமொழி கலந்த செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் சொல்வேன். ஒரு வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே நிற்கும் என்று தெரியாமல் செம்பூரின் நடைபாதையில் வேர்த்துப்போனேன்.

அதே இளைஞர் மேசையில் இருந்தார். "ஆவோ ஆஜோபா" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கட்டிவைத்த வாக்கியம் குலைந்துவிடும் என்று பயந்தேன்.

"சாப், உஸ் தின் மை கலத் போலா. மேரா லட்கா கோலி காயா."

அவருடைய நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் இடித்தது. எழுந்து நின்றுவிட்டார். "கப்? கிதர்? கோணி மார்லி?" எப்போது, எங்கே, சுட்டது யார். ஒரு கை தொலைபேசிக்குப் போயிற்று. பக்கத்து மேசையிலிருந்த பெண் காவலரும் எழுந்தார். யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள்.

அன்று தவறாகச் சொன்னேன், என் மகன் மாத்திரை சாப்பிடுகிறான் என்பதே நான் சொல்ல வந்தது; அதற்குக் 'கோலி காதா ஹை' என்றிருக்க வேண்டும். நான் இறந்தகாலத்தில் சொல்லிவிட்டேன். 'கோலி காயா' என்றால் குண்டடி பட்டான்.

அந்தக் கணத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், மகனைப் பறிகொடுத்த தகப்பனைப் பார்ப்பது போல. அந்த முகங்களில் இருந்த இரக்கத்தை நான் கண்டேன். பிள்ளையை இழந்தவனுக்கு உலகம் எப்படித் தோன்றும் என்பதை, இழக்காமலே நின்று பார்த்தேன். நாற்காலியில் விழுந்தேன்.

"நஹி சாப். நஹி, நஹி. தவா. தவாவாலா கோலி." மருந்து, மருந்துக் கோலி என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "மேரி தோ ஜான் நிகல் கயி, ஆஜோபா" என்றார். தமக்கு உயிரே போய்விட்டது என்றார் அவர், பெற்றவனாகிய என்னிடம்.

பெண் காவலர் தண்ணீர் கொடுத்தார். இளைஞர் என்ன மாத்திரை என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த நோய்க்கு இந்தியில் என்ன சொல்வது என்று தெரியாததால், நெஞ்சில் கைவைத்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். எழுதுகோலை எடுத்தவர் உடனே எழுதவில்லை. உங்கள் மகனுக்குத் தெரிந்துதான் வந்தீர்களா என்று கேட்டார். தெரியும், வேண்டாம் என்றான் என்றேன்.

"கர்வாலே நா போல் ரஹே ஹை, பஸ், இத்னா ஹி லிக்தா ஹூன்" என்றார். குடும்பத்தார் இசையவில்லை என்று மட்டும் எழுதுவதாகச் சொன்னார். நோயைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. என் கண்முன் எழுதி, என்னிடம் ஒருமுறை படித்தும் காட்டினார். வாசல்வரை வந்து, தம் தமையன் ஒருவரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, "சம்பல் கே ஜாயியே" என்றார், பத்திரமாகப் போங்கள்.

அதன்பின் உரிமம் வரவில்லை. பாவாஜி துப்பாக்கியை வேறொருவருக்கு விற்றுவிட்டார். நாங்கள் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள் புதிதாகப் போட்டோம். மீதமிருக்கும் வீட்டார் சேர்ந்து படிக்கட்டு விளக்குகளைச் சரிசெய்தோம். குமார் ஞாயிறுதோறும் நண்பரோடு கிளப்புக்குப் போகிறான். கிளப்பின் துப்பாக்கியிலேயே சுடுகிறான். அது அங்கேயே பூட்டப்படுகிறது. மருத்துவரிடம் மீனாவும் கூடப் போகிறாள்.

என்னிடம் அவன் பேசுவதில்லை. சொன்ன சொல்லைக் காக்கிறான். அதில் என் பிள்ளைதான். சொல்ல வேண்டியதை உமா மூலம் சொல்கிறான். "தாத்தா பிரஷர் டேப்லட் போட்டாச்சான்னு கேளு" என்கிறான், நான் இரண்டடி தொலைவில் உட்கார்ந்திருக்கும்போது. "நான் என்ன வாட்ஸாப்பா?" என்று அவள் இருவரையும் திட்டுகிறாள். அவனுக்காக நான் செய்தது சரியா என்று எத்தனையோ முறை சுவாமி மாடத்துக்கு முன் நின்று கேட்டுவிட்டேன். விடை வரவில்லை. காலையில் நான் பாடும்போது, அடுத்த அறையில் அவன் இருமுவதும் நாற்காலியை இழுத்துப்போட்டு வேலைக்கு உட்காருவதும் கேட்கின்றன. பாட்டை நிறுத்திக் கேட்கிறேன்.

மகன் எப்படியிருக்கிறான் என்று ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிப்பவர்களுக்கு இந்நாட்களில் நான் சொல்வது இவ்வளவே: கோபமாக இருக்கிறான். இருக்கிறான்.